நிலவறையில் வெள்ளம்: பூஞ்சையைத் துடைப்பதற்கு முன்னும் பின்னும்

அக்கா வீட்டு நிலவறையில் முழங்கால் உயரத்துக்கு மழைவெள்ளம் புகுந்துவிட்டது. மூன்று பக்கச் சுவர்களிலும் கான்கிரீட்டை ஒட்டி மரச்சட்டம் அடித்து, இடையே கண்ணாடிப் பஞ்சு திணித்து, ஜிப்சம் பலகையால் மூடி வண்ணம் பூசியிருந்தார்கள். நான்காவது சுவர் வெறும் சிமென்ட் பூச்சு. தரை முழுவதும் கம்பளம். துணிப்பெட்டிகள், புத்தக அலமாரி, ஒரு பழைய மெத்தை, குடும்பப் புகைப்பட ஆல்பங்கள் என்று மேலே இடமில்லாத எல்லாமே அங்கேதான் இருந்தன. அக்கா மகனுக்கு ஆஸ்துமா உண்டு. அதனால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு வண்ணம் பூசிவிடலாம் என்ற யோசனைக்கு முதல் நாளே முற்றுப்புள்ளி வைத்தோம். நானும் அத்தானும் சேர்ந்து செய்த வேலையை, ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்தோம் என்ற காரணத்தோடு பதிவு செய்கிறேன்.

பூஞ்சையின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. அவற்றுக்குத் தீனி காகிதம், மரம், துணி, தூசு. இவை எந்த வீட்டிலும் உண்டு. இல்லாதது தண்ணீர் மட்டும்தான். அதுவும் கிடைத்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே வேகம் வேண்டும். ஆனால் வேகமே ஆபத்தாக முடியக்கூடிய இரண்டு இடங்கள் தொடக்கத்திலேயே வருகின்றன.

ஒன்று மின்சாரம். மின்பலகை நிலவறைக்குள்ளேயே இருந்தால், தண்ணீரில் இறங்கி மெயின் சுவிட்சை அணைக்கப் போகக் கூடாது; மின் இணைப்பை வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அக்கா வீட்டில் அது தரைத்தளத்தில் இருந்ததால் அங்கேயே அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்ன பிறகே படியில் கால் வைத்தோம். பெட்ரோல் பம்பை வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்து ஓட்டினோம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நிலவறைக்குள்ளோ படிக்கட்டிலோ அதை இயக்குவது உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டாவது, தண்ணீரை இறைக்கும் வேகம். சுவருக்கு வெளியே மண் நீரில் ஊறிக் கனத்து, சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அந்த அழுத்தத்துக்கு எதிராக முட்டுக் கொடுக்கிறது. ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் சுவர் உள்ளே பிதுங்கலாம், தரை மேலே எழும்பி வெடிக்கலாம். ஆளுயரத்துக்கு நிற்கும் தண்ணீரில் இந்த ஆபத்து மிக அதிகம். எங்களுடையது முழங்கால் அளவுதான் என்றாலும் வெளி மண் சொதசொதவென்று இருந்தது. சுவரில் சாக்குக்கட்டியால் மட்டத்தைக் குறித்து, ஓர் அடி மட்டும் இறைத்து, இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் கோடு போட்ட இடத்திலேயே மட்டம் நின்றது. மறுபடி ஏறியிருந்தால் நிலத்தடி நீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, இறைப்பதில் பயனில்லை என்று பொருள். நின்றதால் மீதியையும் இறைத்தோம்.

அடுத்து, எதை வெளியேற்றுவது என்ற கேள்வி. எங்கள் தரை வடிகாலிலிருந்து கழிவுநீர் எதிர்த்து வரவில்லை. தண்ணீர் வந்தது ஜன்னல் குழி வழியாக, அதாவது நிலவறை ஜன்னலுக்கு வெளியே தரைமட்டத்துக்குக் கீழே விட்டிருக்கும் பள்ளத்தின் வழியாக. கழிவுநீர் பொங்கி வந்திருந்தால் இந்த வேலையை நாங்களே செய்திருக்க மாட்டோம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைத்தான் அழைத்திருப்போம். ஆனாலும் நிலத்தின்மேல் ஓடி வந்த தண்ணீர் எதுவும் சுத்தமானதல்ல. கம்பளம், அதன் அடிமெத்தை, பழைய மெத்தை, பஞ்சு வைத்த நாற்காலிகள் ஆகியவற்றை ஒரு பேச்சும் இல்லாமல் வெளியே எடுத்துவிட்டோம். புத்தக அலமாரி மரத்தூள் பலகை. அடிப்பாகம் ஊதிப் பிளந்திருந்தது, அதுவும் போயிற்று. கண்ணாடி, உலோகம், கெட்டி பிளாஸ்டிக், வார்னிஷ் அடித்த திட மரம் ஆகியவை கழுவினால் பிழைத்துக்கொள்பவை. பஞ்சும் நுரையும் காகிதமும் உள்ளுக்குள் ஈரத்தை வைத்துக்கொள்பவை; வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் நடுப்பகுதியில் பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும்.

புகைப்படங்களை மட்டும் அப்படி விட முடியவில்லை. அதில் அக்கா உறுதியாக இருந்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஈரமான படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு பிறகு பிரிக்கவே வராது. ஆல்பத்திலிருந்து ஈரத்தோடேயே எடுத்து, குளிர்ந்த சுத்தமான தண்ணீர் உள்ள தட்டில் ஒவ்வொன்றாக அலசி, படம் உள்ள பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, மை உறிஞ்சும் தாளின்மேல் முகம் மேலே இருக்கும்படி பரப்பினோம். எல்லாவற்றையும் அன்றே செய்து முடிக்க முடியாது என்று தெரிந்ததும், மிச்சக் கட்டுகளையும் சில பத்திரங்களையும் பிளாஸ்டிக் பைகளில் இட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டோம். குளிர் பூஞ்சையைக் கொல்லாது, ஆனால் வளர்ச்சியை அப்படியே நிறுத்தி வைக்கும். நனைந்த 48 மணி நேரத்துக்குள் உறையவைத்துவிட்டால், பிறகு நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம். வெள்ளம் வந்த வீட்டில் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் தலைமேல் விழும்போது இந்த ஒரு வசதி எவ்வளவு ஆறுதல் தந்தது என்பதை அக்காவைக் கேட்டால்தான் தெரியும்.

சுவரைத் திறப்பதற்கு முன் உடம்பைக் காப்பது. என்-95 முகக்கவசம், ஓரத்தில் காற்றுத் துளை இல்லாத கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கெட்டியான காலணி. முகக்கவசம் தாடியின்மேல் ஒட்டிப் படியாது, ஓரத்தில் காற்று கசியும். அத்தான் அன்று காலையே தாடியை எடுத்துவிட்டார். வெள்ளத்தில் கிடந்த ஆணியும் தகரமும் காலைக் கிழிக்கக்கூடியவை என்பதால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் பார்த்துக்கொண்டோம். ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இந்த வேலை நடக்கும் தளத்தின் பக்கமே வரக் கூடாது. பையனை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் முதல் பலகையில் கை வைத்தோம்.

நிலவறைக் காற்று மேல்தளத்துக்கு ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். படிக்கட்டின் மேல் வாசலைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களை ஒட்டினோம். நிலவறை ஜன்னலில் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கமாகக் காற்றைத் தள்ளும்படி வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்தோம். அறைக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் குறைந்தால் போதும். காற்று மேலிருந்து கீழே வருமே தவிர கீழிருந்து மேலே போகாது. விரிப்பின் ஓரத்தில் சிறிய இடைவெளி விட்டு ஒரு மெல்லிய திசுத்தாள் கீற்றைப் பிடித்துப் பார்த்தேன். அது நிலவறைப் பக்கம் சாய்ந்து நின்றது. வேலை நடந்த நாள்களில் தினமும் காலையில் இதைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்கினோம். வீடு முழுவதற்கும் பொதுவான குளிர்சாதனக் குழாய் இருந்தால் நிலவறையில் உள்ள அதன் வாய்களையும் அடைத்துவிட வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் சுவரில் ஒன்றுமே இல்லை. வண்ணம் பளிச்சென்று இருந்தது, வெள்ளம் நின்ற கோடு மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. இத்தோடு விட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஜிப்சம் பலகை தண்ணீரை மேலே இழுக்கும். நீர்க்கோட்டுக்கு மேல் ஓதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தின் கடைசி அடையாளத்துக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் சேர்த்து வெட்ட வேண்டும் என்பது பொது விதி. நாங்கள் ஈரமானியைப் பலகையில் வைத்து வைத்துப் பார்த்து, காய்ந்த சுவரின் அளவு எங்கே வருகிறதோ அங்கே கோடு போட்டு, அதற்கு மேல் ஓர் அடி விட்டு வெட்டினோம்.

முதலில் சுவரடிப் பலகையை நெம்பி எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் சாம்பல் பச்சை நிறத்தில், நாணய அளவில், ஓரம் வெள்ளையாக வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. தொட்டால் மாவு போல ஒட்டும் வகை. ஜிப்சம் பலகையின் பின்பக்கக் காகிதத்திலும் தரையை ஒட்டி அதே வட்டங்கள் நீளவாக்கில் வரிசையாக இருந்தன. சுவரின் முன்பக்கத்துக்கு ஒரு பொட்டுக்கூட வரவில்லை. காகிதம் என்பது செல்லுலோஸ். பூஞ்சைக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

வடகிழக்கு மூலையில் மட்டும் காட்சி வேறாக இருந்தது. பலகையின் பின்னால் கறுப்பாக, ஈரப் பசை போல் மினுமினுத்த ஒரு படலம். மரச்சட்டத்தின் அடிப்பாகம் விரல் நகம் அழுந்தும் அளவுக்கு மெத்துப்போயிருந்தது. அந்த இடத்துத் திருகாணிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தலை துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. அதே சுவரின் மறுகோடியில் எடுத்த திருகாணிகளோ வெள்ளத்தில் நனைந்திருந்தும் பளபளப்பாகவே இருந்தன. ஒரு சில நாள் நனைந்ததால் வரும் துரு அல்ல அது. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சைக்கு நீண்ட நாள் தொடர்ந்த கடும் ஈரம் வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவை அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே சீக்கிரம் வந்துவிடும். மூலையில் இருந்தது ஸ்டாக்கிபோட்ரிஸ்தானா என்று நான் சோதனைக்கு அனுப்பவில்லை. அது எந்த இனமாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், நிறத்தை வைத்து நஞ்சை அளக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஓதம், பூஞ்சை பற்றிய வழிகாட்டியும் காற்றில் இத்தனை வித்து வரை பரவாயில்லை என்று எந்த எல்லையும் வகுக்கவில்லை. ஓதத்தையும் பூஞ்சையையும் வராமல் தடுக்க, வந்தால் நீக்கத்தான் சொல்கிறது. ஆனால் துருவும் மெத்துப்போன மரமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லின. இந்த மூலையில் வெள்ளத்துக்கு வெகு முன்பிருந்தே தண்ணீர் கசிந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் எதையும் துடைப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, பூஞ்சையின் எல்லையைக் கான்கிரீட்டில் பென்சிலால் வரைந்து வைக்கச் சொன்னேன். ஈரம் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்பதற்குப் பூஞ்சையைப் போன்ற சாட்சி வேறில்லை. சுத்தம் செய்யும் வேகத்தில் அந்தச் சாட்சியை அழித்துவிட்டால் பிறகு காரணத்தைத் தேடி அலைய வேண்டும். தரையை ஒட்டி ஒரே உயரத்தில் படர்ந்திருந்தால் வெள்ளம். மேலே குறுகி, கீழே விரிந்து முக்கோணமாக இருந்தால் மேலிருந்து ஒழுக்கு. எங்கள் மூலையில் இருந்தது முக்கோணம்.

படம் எடுத்து முடித்ததும் அத்தான் ப்ளீச் குடுவையைத் திறந்துவிட்டார். "முதலில் இதை ஊற்றிக் கொன்றுவிடலாம் மாப்பிள்ளை, பிறகு நிதானமாகப் பிரிப்போம்" என்றார்.

"செத்த பூஞ்சையும் மூச்சில் போனால் பையனுக்கு ஒத்துக்கொள்ளாது அத்தான். கொல்வது நம் வேலை இல்லை, வெளியே எடுப்பதுதான் வேலை" என்றேன்.

ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் இறந்த வித்துகளிலும் அப்படியே இருக்கும். அதோடு, ப்ளீச்சின் பெரும்பகுதி தண்ணீர். மரத்திலும் காகிதத்திலும் ஊற்றினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், வேலை செய்யும் குளோரின் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தீர்ந்துபோகும். கறை வெளுப்பதால் போய்விட்டது என்று கண் நம்பிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பூஞ்சையை நீக்க ப்ளீச்சை வழக்கமான முறையாகப் பரிந்துரைப்பதில்லை. அத்தான் குடுவையை மூடி வைத்தார். பின்னால் அதற்கும் ஓர் இடம் வந்தது.

பலகையை வெட்டும்போது தூசு பறக்காமலிருக்க, முதலில் பூஞ்சை பிடித்த பக்கத்தில் நுண்தூவியால் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். அந்தக் கறுப்பு வகை ஈரமாக இருக்கும்போது பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த பிறகு அசைத்தால்தான் வித்துகள் காற்றில் கலக்கும். மின்வாளைத் தொடவில்லை, கத்தியால் கீறி உடைத்தோம். துண்டுகளையும் ஈரக் கண்ணாடிப் பஞ்சையும் அங்கேயே கனத்த பைகளில் போட்டு வாயைக் கட்டி, பையின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் வழியாக வெளியேற்றினோம். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. திறந்து பார்த்ததில் பூஞ்சை பிடித்த பரப்பு மொத்தமாக ஒரு சதுர மீட்டரை ஒட்டி வந்தது. வீட்டுக்காரர்கள் தாங்களாகவே செய்யலாம் என்று மேலே சொன்ன முகமை தரும் அளவுகோலும் ஏறக்குறைய அதுதான். அதைத் தாண்டியிருந்தால் நிறுத்திவிட்டு ஆள் அழைத்திருப்போம்.

மரச்சட்டங்களைச் சுத்தம் செய்ததுதான் உடலுழைப்பில் பெரிய பங்கு. ஹெப்பா வடிகட்டி பொருத்திய வாக்குவம் கிளீனரால் முதலில் இழுத்தோம். அந்த வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை வித்துகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. சாதாரண வாக்குவம் கிளீனர் முன்பக்கம் இழுத்த வித்துகளைப் பின்பக்கம் அறை முழுவதும் ஊதிவிடும், அதை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, சோப்புத்தூள் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மறுபடி வாக்குவம். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். அழுக்குத் துணியால் துடைப்பது பூஞ்சையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பூசுவதுதான். இவ்வளவு செய்தும் மரத்தில் சில சாம்பல் நிழல்கள் நின்றுவிட்டன. அவை கறை மட்டுமே. விரலால் தேய்த்தால் ஒன்றும் வரவில்லை என்பதால் விட்டுவிட்டோம். மூலையில் மெத்துப்போன சட்டத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டோம்.

நான்காவது சுவரின் சிமென்ட் பூச்சில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று பூத்திருந்தது. அக்கா அதைப் பார்த்துப் பயந்துவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டேன். கண்ணெதிரே கரைந்து மறைந்தது. விரலிடையே நசுக்கியபோது நறநறவென்று பொடியாயிற்று. பூஞ்சை கரையாது, நசுக்கினால் மசியும் அல்லது இழையும். இது உப்புப் பூத்தது: சுவர் வழியே ஈரம் வந்து ஆவியாகும்போது சிமென்டின் உப்புகளை வெளியே விட்டுவிட்டுப் போகிறது. ஆபத்தில்லை, ஆனால் தண்ணீர் சுவரைத் துளைத்து வருகிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்தோம்.

கான்கிரீட் தரையையும் சுவரையும் சோப்புக் கரைசலால் உரசிக் கழுவிய பிறகுதான் அத்தானின் ப்ளீச் வந்தது. இது பூஞ்சைக்காக அல்ல, வெள்ளநீரோடு வந்த கிருமிகளுக்காக. ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப். அதற்கு மேல் சேர்த்தால் பலன் கூடாது, மூச்சுதான் திணறும். அழுக்கு இருக்கும்போது ஊற்றினால் அழுக்கிலேயே தீர்ந்துவிடும் என்பதால் கழுவிய பின்பே. கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா இருக்கலாம், கழிப்பறை சுத்திகளில் அமிலம் இருக்கலாம். இவற்றில் எதோடும் ப்ளீச் கலக்கவே கூடாது. உருவாகும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். மூடிய நிலவறையில் அது உயிரையே எடுத்துவிடும்.

இனி உலர்த்துவது. பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறது, எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள், மூடிவிடலாம் என்று தோன்றுகிறது. வெளியே வெயில் அடித்ததால் ஜன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார் அக்கா. கணக்குப் போட்டுக் காட்டினேன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அன்று வெளியே ஈரப்பதம் 70 சதவீதம், ஆக அதில் 21 கிராம் இருந்தது. நிலவறைச் சுவர் மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதால் 20 டிகிரிதான். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியது 17 கிராம் மட்டுமே. உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் சுவரில் பட்டுக் குளிரும்போது மிச்சம் நான்கு கிராமை அங்கேயே விட்டுவிடும். உலர்த்துவதாக நினைத்து நனைத்துக்கொண்டிருப்போம். வெளிக்காற்று குளிர்ந்தும் வறண்டும் இருக்கும் நாளில் ஜன்னலைத் திறப்பது நல்லது. அன்று அப்படி இல்லை.

ஜன்னலை மூடி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் டீஹியூமிடிஃபையரை ஓடவிட்டோம். அதன் தொட்டியை அடிக்கடி காலி செய்ய ஆள் நிற்க முடியாது என்பதால் குழாய் மாட்டித் தரை வடிகாலில் விட்டோம். இரண்டு மின்விசிறிகள் சுவரை ஒட்டிக் காற்றடித்தன. இப்படி அறைக்குள்ளேயே காற்றடிக்கும் விசிறியைப் பூஞ்சை அகற்றி முடித்த பின்புதான் இயக்க வேண்டும். அதற்கு முன் இயக்கினால் வித்துகளை மூலை முடுக்கெல்லாம் விதைத்துவிடும். அறை 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் சாதாரண வகைக் கருவியின் சுருளில் பனி படிந்து ஈரம் இழுப்பது குறையலாம் என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது காய்ந்தது என்பதைக் கை சொல்லாது. ஊசி வகை ஈரமானியை முதலில் மேல்தளத்தில், தண்ணீரே படாத ஒரு கதவு நிலையில் குத்திப் பார்த்தேன்: 11 சதவீதம். அதுதான் இந்த வீட்டு மரத்தின் இயல்பு நிலை. நிலவறைச் சட்டங்கள் தொடக்கத்தில் 30-ஐத் தாண்டி நின்றன. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை நெருங்கினாலே பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். 15-க்குக் கீழே வந்தால்தான் மூடலாம். செங்குத்துச் சட்டங்கள் சீராக இறங்கிவந்தன. தரைமேல் படுக்கவைத்த அடிச்சட்டம் மட்டும் 18-இல் நின்றுகொண்டு அசையவில்லை. கான்கிரீட்டிலிருந்து அதற்கு ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது. இந்த மானி மரத்துக்கென அளவிடப்பட்டது, கான்கிரீட்டில் குத்தினால் நம்பகமான எண் தராது. ஆகவே 45 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் இறுக ஒட்டி, மறுநாள் வரை விட்டோம். குறைந்தது 16 மணி நேரம் வேண்டும். பிரித்தபோது தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி. அடியில் கான்கிரீட் கறுத்திருந்தது.

பலகை அடிக்க வந்தவர் அந்த வாரமே முடித்துத் தருகிறேன் என்றார். வேலை தெரிந்தவர்தான், கெட்ட எண்ணமும் இல்லை. அக்காவுக்கும் வீடு பழைய நிலைக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது. ஆனாலும் அத்தான் தாளின் உட்பக்கத்தை அவருக்குக் காட்டிவிட்டு, "இது காயட்டுங்கள், பிறகு அழைக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். அந்த முடிவுக்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன். கருவி ஓடிக்கொண்டே இருந்தது. விசிறி ஒன்றைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடிச்சட்டத்தின் விளிம்புக்கு நேராக வைத்தோம். அது 14-ஐத் தொட்டு, தாளின் அடியும் வறண்டு வந்த பிறகே அவரை மறுபடி அழைத்தோம்.

இடைப்பட்ட காலத்தில் அந்த முக்கோணத்தின் வேரைத் தேடினோம். மூலைக்கு நேர் மேலே, வெளியே, கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் சுவரின் அடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் மண் அங்கே அமுங்கி, சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. சாதாரண மழையில் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கிச் சுவரின் மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே ஒழுகியிருக்கிறது. பெருமழையில் பக்கத்து ஜன்னல் குழி நிரம்பி வழிந்து வெள்ளமாகவே உள்ளே இறங்கிவிட்டது. சிறு கசிவுக்கும் பெரு வெள்ளத்துக்கும் ஒரே மூலம். குழாயை நீட்டிச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விழும்படி செய்தோம். மண்ணை நிரப்பித் திமிசு போட்டு, மூன்று மீட்டர் தூரத்துக்கு 15 சென்டிமீட்டர் சரிவு வெளிப்பக்கமாக இருக்கும்படி மட்டப்பலகை வைத்துச் சரிசெய்தோம். வெடிப்பை உள்ளிருந்து பாலியூரித்தேன் ஊசி முறையில் அடைத்தார்கள். பூஞ்சைத் தடுப்பு வண்ணம் வேண்டுமா என்று பலரும் கேட்டார்கள். ஈரம் நின்றுவிட்டால் அது தேவையில்லை. நிற்காவிட்டால் எந்த வண்ணமும் உரிந்துவிடும்.

மூடும்போது பழையபடி மூடவில்லை. காகித முகம் உள்ள ஜிப்சம் பலகைக்குப் பதிலாகக் கண்ணாடியிழை முகம் உள்ளதைப் போட்டோம். அடிவிளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தினோம். சுவரடிப் பலகை அந்த இடைவெளியை மறைத்துக்கொள்ளும், தரையில் ஈரம் வந்தாலும் பலகை அதை இழுக்காது. கண்ணாடிப் பஞ்சு இருந்த இடத்தில் மூடிய நுண்ணறைகள் கொண்ட, நீர் உறிஞ்சாத நுரைப் பலகை. உட்பக்கம் பிளாஸ்டிக் தாள் அடிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கான்கிரீட்டிலிருந்து வரும் ஈரம் அதன் பின்னால் சிறைப்பட்டுவிடும். தரையில் கம்பளத்துக்குப் பதில் ஓடு.

வடகிழக்கு மூலையில் மட்டும் பலகையை நிரந்தரமாக அடிக்காமல், நான்கு திருகாணியில் கழற்றக்கூடிய சிறு கதவாக விட்டிருக்கிறோம். பெருமழை பெய்த பிறகு அத்தான் அதைக் கழற்றிப் புதுச் சட்டத்தில் மானியைக் குத்திப் பார்த்து, எண்ணைக் கதவின் உட்பக்கத்திலேயே தேதியோடு எழுதி வைக்கிறார். கடைசியாக எழுதியது 12. அறையில் ஈரப்பதமானி ஒன்று நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. 60 சதவீதத்தை நெருங்கினால் டீஹியூமிடிஃபையர் தானாக ஓடும், பெரும்பாலும் 50-க்குக் கீழேயே இருக்கிறது. பையன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். உறைபெட்டியில் இன்னும் ஒரு கட்டுப் புகைப்படங்கள் பிரிக்கக் காத்திருக்கின்றன. ஜன்னல் குழிக்குச் சரிவான மூடி போட அளவெடுத்தாகிவிட்டது. மூடி வரும் வரை அந்தக் குழியின் அடியிலுள்ள வடிகால் வாயில் இலைகள் சேராமல் அக்கா பார்த்துக்கொள்கிறார்.